மாமா பேசிய பிரெஞ்சு

கேப்பர் மலையில் அந்தோணிசாமி வீட்டுக்கு வருகிறவர்கள், பால்காரர் தொடங்கி பங்குச் சாமியார் வரைக்கும், சில மாதங்களாக "போஞ்சூர்" சொல்லிவிட்டுத்தான் படியேறினார்கள். பிரெஞ்சில் வணக்கம் என்று அர்த்தமாம். வேறு என்னதான் செய்வார்கள் பாவம்? மனிதருக்குத் தமிழ் போய்விட்டது, பிரெஞ்சு மட்டும்தான் மிச்சம் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது.

அந்தோணிசாமி சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பிறந்தது பாகூர். அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்ததால் மகனுக்குப் பட்டாளம் கிடைத்தது. ஜிபுத்தி, கயானா என்று வாயில் நுழையாத ஊர்களிலெல்லாம் கிடந்துவிட்டு, தலை நரைத்தபின் மாமனார் ஊரான கேப்பர் மலைக்கே வந்து வீடு கட்டினார். மனைவி சவரியம்மாள் இந்தச் செம்மண்ணை விட்டு எங்கும் போனதில்லை. புருஷன் லீவில் வருவார், போவார். இவள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வீடு மாடிவீடு ஆன பிறகும் அதை விடவில்லை. பின்கட்டில் நாலு பொம்பளைகளை உட்கார வைத்து, தானும் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு, விரலில் சாம்பலைப் பூசிக் கொட்டையைத் தட்டினால்தான் அவளுக்குப் பொழுது போன மாதிரி இருக்கும். கொட்டை எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும்.

ஆடி மாதம் ஒருநாள் அந்தோணிசாமி முந்திரித் தோப்பில் மயங்கி விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். கைகால் தப்பியது, வாய்தான் தப்பவில்லை. ஒரு வாரம் உம்மென்று கிடந்தார். பிறகு ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து, தோளைக் குலுக்கி, உள்ளங்கையை மேலே விரித்து, "லெ மெத்தூர் செ வுத்ரோம், பொனாலி, பொனாலி!" என்று படபடவென்று பேச ஆரம்பித்தார். சவரியம்மாள் மாதாவே என்று கும்பிட்டுவிட்டு அழுதாள். தமிழில் ஒரு சொல் இல்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டதே!

பக்கத்திலிருந்த அவள் தம்பி ராஜமாணிக்கம்தான் விளக்கம் சொன்னான். அவன் ஆம்னி வேன் ஓட்டுகிறவன். மாமாவை வாராவாரம் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய், பழைய சொல்தாக்கள் கடற்கரையோரம் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிற இடத்தில் காத்துக்கிடந்தவன். அப்படிக் காத்துக்கிடந்ததிலேயே தனக்கு பிரெஞ்சு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வான்.

"அக்கா, மூளையில தமிழுக்கு ஒரு ரூமு, பிரெஞ்சுக்கு ஒரு ரூமு. தமிழ் ரூமுல தண்ணி பூந்துடுச்சு. பிரெஞ்சு மாடியில இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆவல. மாமா அசல் பிரெஞ்சு பேசுறாரு."

"பொனாலி பொனாலிங்குறாரே என்னப் பாத்து, அது இன்னாடா?"

"பொண்டாட்டிய ஆசையா கூப்புடறது. நம்மூர்ல கண்ணுங்குற மாதிரி."

அறுபது வயதுக்கு மேல் சவரியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் அவளை "ஏய் சவரி" என்பதைத் தாண்டி எதுவும் கூப்பிட்டதில்லை.

அதிலிருந்து ராஜமாணிக்கம்தான் அந்த வீட்டுத் துபாஷி. மாமா ரொட்டி கேட்கிறார் என்பான். பாண்டிச்சேரியிலிருந்து முழ நீள ரொட்டி வந்துவிடும். மாமா அதைத் தள்ளிவிட்டால், வெண்ணெய் இல்லையென்று கோபம் என்பான். பிரெஞ்சு தெரிந்த யாராவது வந்து கேட்டிருக்கக் கூடாதா என்பீர்கள். குண்டு விளையாடிய கூட்டாளிகளில் பாதிப் பேர் செத்தாச்சு, மீதிப் பேர் பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போயாச்சு. வந்து பார்த்த ஒரே ஒருவருக்குக் காது மந்தம். அவர் பாட்டுக்கு "வி, வி", அதாவது ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மகன் ராபர்ட் இருப்பது பாரிசுக்குப் பக்கத்தில். ஆனால் அப்பனும் மகனும் பேசி வருஷக்கணக்காகிறது. பட்டாளத்துக்குப் போகமாட்டேன் என்று அவன் ஓட்டலில் சமையல் வேலைக்குப் போனதில் வந்த சண்டை. செத்தாலும் என் வாசலில் கால் வைக்காதே என்று விரட்டியவர் அந்தோணிசாமி. ராபர்ட் அம்மாவிடம் மட்டும் பேசுவான். போனில் பின்னால் அரைகுறையாகக் கேட்கிற அப்பாவின் குரலை அவனும் பிரெஞ்சு என்றே எடுத்துக்கொண்டான். அவன் மனசு இளகியது. பழைய ராணுவத்தாரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அங்கே இடம் பிடித்தான்.

"ம்மா, இங்கன்னா நர்சு, டாக்டர், பக்கத்து பெட்டுக்காரர் எல்லாரும் பிரெஞ்சு. அப்பா பேசுறது நாலு பேருக்குப் புரியும். அங்க உங்ககிட்ட பேசி என்னாத்துக்கு?"

அந்தக் கேள்வி சவரியம்மாளைக் குடைந்தது. தனக்குப் புரியவில்லை என்பதற்காக அவரை ஊமையாக வைத்திருப்பதா? அவளுக்குக் குடியுரிமை கிடையாது, உடன் போய் இருக்க முடியாது. போனால் திரும்பி வருவாரா என்பதும் தெரியாது. இருந்தாலும் ராஜமாணிக்கத்தை விட்டு, பிரான்சுக்குப் போகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். அந்தோணிசாமி சிரித்து, "வி, வி" என்றார். அன்றைக்கு அவள் கொட்டை உடைக்க உட்காரவில்லை.

ராபர்ட் வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. இல்லத்துக்காரர்கள் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று பிரெஞ்சிலேயே சோதித்துச் சொல்லச் சொன்னார்கள். ராபர்ட் விசாரித்து, சிதம்பரத்தில் சத்யப்பிரியா என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் இருக்கிறாள், பாண்டிச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்று கண்டுபிடித்தான்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டார்கள். வானம் இரண்டு நாளாக மூடிக் கிடந்தது. துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியாயிற்று. முந்திரி மரங்களில் ஓர் இலை அசையவில்லை, காகங்கள் எங்கே போயினவோ. வாசல் அறையில், பிரான்சுக்கென்று கட்டி வைத்த பச்சைப் பெட்டி மறுபடி திறந்து கிடந்தது. உள்ளே வைத்த சட்டை, பனியன் எல்லாம் கட்டிலில் வரிசையாக அடுக்கியிருந்தன. பெட்டி கட்டிய நாளிலிருந்து சாயங்காலமானால் அந்தோணிசாமிக்கு இதே வேலை.

"பட்டாளத்துப் பழக்கம்க்கா. கிட் செக்கிங்" என்று சிரித்தான் ராஜமாணிக்கம். "எம்மாம் அவசரம் பாரேன் மனுசனுக்கு, ஊருக்குப் போவ."

"நீ வண்டிய எடு" என்று சவரியம்மாள் சட்டைகளை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது தூறல் பிடித்தது. அந்தோணிசாமி முன்சீட்டில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வந்தார். "மாமா ரோடு சரியில்லங்குறாரு" என்றான் ராஜமாணிக்கம். முட்லூரில் டீக்குடிக்க நிறுத்தினார்கள். கிளாசை ஊதி ஊதி, டீயைப் பற்றியும் ஏதோ சொன்னார். "சக்கர ஜாஸ்தியாம்." வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது ஆறு செக்கச்செவேலென்று கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்துவிட்டு அந்தோணிசாமி பேச்சை நிறுத்தினார். சவரியம்மாளைத் திரும்பிப் பார்த்து மெதுவாக, "பொனாலி" என்றார். ராஜமாணிக்கம் அதற்கு மட்டும் அர்த்தம் சொல்லவில்லை.

சத்யப்பிரியாவின் அறை சின்னது. மேசை, நாலு நாற்காலி, ஒரு கட்டுப் பட அட்டைகள். முப்பது வயசுக்குள் இருப்பாள்.

"வாங்கம்மா. நான் டாக்டர் இல்ல, அப்படிக் கூப்புடாதீங்க. எங்க அப்பாவும் சொல்தாதான்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "போஞ்சூர் முசியே" என்றாள். அடுத்து அவள் பேசிய பிரெஞ்சு ஒழுகிய எண்ணெய் மாதிரி வந்தது.

அந்தோணிசாமியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். தொண்டையில் உருட்டினார், உதட்டைக் குவித்தார், தோளைக் குலுக்கினார். சவரியம்மாள் தம்பியின் தொடையைக் கிள்ளினாள். "பாருடா, பேசுறதுக்கு ஆளு கெடச்ச உடனே எப்படிப் பேசுறாரு."

சத்யப்பிரியா குறுக்கே ஏதோ கேட்டாள். அவர் நிறுத்தாமல் பேசினார். அவள் தன் கண்ணை மூடிக் காட்டாமல், கையைக்கூட அசைக்காமல், ஒரே வாக்கியத்தைப் பொறுமையாக இரண்டு தடவை சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "வி, வி" என்றார்.

"இன்னாம்மா கேட்டீங்க?" என்றாள் சவரியம்மாள்.

"கண்ண மூடுங்கன்னு சொன்னேன்."

அவர் கண் திறந்தபடியே இருந்தது. அதையே தமிழில் சொன்னாள். "ஐயா, கண்ண மூடுங்க." அதற்கும் "வி, வி" தான்.

"தமிழ் அவருக்குப் போயிடுச்சுங்க" என்று ராஜமாணிக்கம் முந்திக்கொண்டான்.

சத்யப்பிரியா பட அட்டைகளை எடுத்தாள். ஒரு சாவி. இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள். அந்தோணிசாமி அட்டையை வாங்கி, நெற்றியைச் சுருக்கி, "பொனாலி" என்றார்.

சவரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு குடை. "பொனாலி." ஒரு நாய். கொஞ்சம் யோசித்தார், பிறகு உறுதியாக, "பொனாலி."

சவரியம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் கறுத்த விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவமானமாக இருந்தது அவளுக்கு. யாருக்கு முன்னால் என்றுதான் தெரியவில்லை.

மேசைமேல் சீப்பு, கரண்டி, சோப்பு என்று சாமான்களைப் பரப்பி, பெயரைச் சொல்லி எடுக்கச் சொன்னாள் சத்யப்பிரியா. அவர் எதையும் எடுக்கவில்லை. ஆனால் அவள் சும்மா தலையைத் தடவிக் காட்டியதும் சீப்பைச் சட்டென்று எடுத்துக் கொடுத்தார். பெயரை எழுதிக் காட்டியும் பார்த்தாள், பலனில்லை. ஒன்று, இரண்டு என்று பிரெஞ்சில் ஆரம்பித்து வைத்தாள். மூன்று, நாலு வரைக்கும் கூடவே வந்தவர் அதற்கப்புறம் வேறெங்கோ போய்விட்டார். கடைசியில் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, கையை விரித்துத் தோளைக் குலுக்கி நீளமாக ஒன்று சொன்னாள். அந்தோணிசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வி, வி, வி!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குப் பேசினார். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்பப் புடிபட்டுச்சு பாருங்க" என்றாள் சவரியம்மாள். "இன்னாம்மா சொன்னீங்க, இப்படிச் சிரிக்கிறாரு?"

சத்யப்பிரியா அந்தோணிசாமியின் கையை விடாமலே சொன்னாள். "ம்மா, நான் இப்ப பேசினது பிரெஞ்சு இல்ல. எந்த பாஷையும் இல்ல. பிரெஞ்சு ராகத்துல சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன்."

மழை கூரையில் கொட்டியது.

"அப்ப அவரு பேசுறது?"

"அதுவும் அப்படித்தாம்மா. ராகம் மட்டும் பிரெஞ்சு. உள்ள சொல்லு இல்ல."

"ஒண்ணு ரெண்டு கூடவா?"

"போஞ்சூர், வி... இந்த மாதிரி பழகின ஒண்ணு ரெண்டு வரும். மத்தபடி இல்லம்மா. தான் சரியாத்தான் பேசுறோம்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு. அவருக்குத் தெரியாது."

"நாங்க சொல்றதாச்சும் அவருக்கு...?"

"அதுவும் ரொம்பக் கொஞ்சம். தட்டோட வந்தா சாப்பிடக் கூப்புடுறீங்கன்னு தெரியும். செருப்ப எடுத்தா வெளிய போறோம்னு தெரியும். முகம் தெரியும், கோவம் தெரியும், பிரியம் தெரியும். சொல்லா சொன்னா உள்ள போவாது."

சவரியம்மாளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பாகூரில் அவர் தம்பி இறந்த சேதியைக் காதில் சொன்னபோது சிரித்தாரே. கல்லு மனசு என்று அன்றைக்குத் திட்டியிருந்தாள். பிரான்சுக்குப் போகிறீர்களா என்று கேட்டதற்கும் அதே சிரிப்புத்தானே சிரித்தார்?

"அங்க போனா, பிரான்சுல, அந்த ஊரு ஆளுங்களுக்குப் புரியாதா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"எந்த ஊர்லயும் புரியாதும்மா. பயிற்சி குடுத்தா கொஞ்சம் திரும்பலாம். எம்மாம்னு நான் சொல்ல முடியாது. எங்க அனுப்புறீங்கங்குறது உங்க முடிவு. ஆனா அவரு வாயக் கேக்காதீங்க, கையப் பாருங்க, முகத்தப் பாருங்க. இனிமே அதான் அவரு பேச்சு. உங்க பையன்கிட்ட நானே பேசுறேன்."

திரும்பும்போது வேனில் அந்தோணிசாமி மட்டும் பேசினார். வைப்பர் கிறீச் கிறீச்சென்று தேய்த்தது. பாலத்தில் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. புதுச்சத்திரம் வந்ததும் சவரியம்மாள் கேட்டாள்.

"ஏண்டா, இன்னாத்துக்குடா அப்படிச் செஞ்ச?"

ராஜமாணிக்கம் ரோட்டைப் பார்த்தே சொன்னான். "மொத நாளு சும்மா குத்துமதிப்பா சொன்னேன்க்கா. நீ சிரிச்ச. அந்த ஒரு வாரமும் நீ சோறு துன்னல, அன்னிக்குத்தான் துன்ன. அப்புறம் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"பொனாலின்னா கண்ணுன்னியேடா படுபாவி!"

"அப்படித்தான்க்கா பாப்பாரு உன்ன, அதக் கூப்புடும்போது."

"வாய மூடு. செத்த பொணத்து வாயிலகூட எவனும் இப்படிப் பேச்ச வெக்கமாட்டான். பிரான்சுக்குப் போறாராம்! நீ சொன்னத நம்பி அவரப் பொட்டி கட்டி அனுப்பத் துணிஞ்சேனே நான், பாவி!" அதற்குமேல் அழுகைதான் வந்தது. முன்சீட்டிலிருந்து அந்தோணிசாமி திரும்பி, அவள் கண்ணீரைப் பார்த்து, கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். வாய் மட்டும் எதையோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

வீடு வந்து சேரும்போது கரண்ட் இல்லை. காற்று எழும்பியிருந்தது. பின்கட்டில் கொட்டை மூட்டைகள்மேல் போட்ட தார்ப்பாய் படபடத்தது. சவரியம்மாள் அடுப்பைப் பற்ற வைத்துக் காலையில் வைத்த நெத்திலிக் குழம்பைச் சுட வைத்தாள். ஒரு தட்டில் ரொட்டியும் இன்னொரு தட்டில் சோறும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நின்றாள். அந்தோணிசாமி ரொட்டித் தட்டைத் தள்ளினார். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார், முள்ளை எடுத்து ஓரமாக வைத்து, கடைசிப் பருக்கை வரைக்கும். ரொட்டியை ஒவ்வொரு வாரமும் தள்ளத்தான் செய்தார். இவர்கள்தான் வெண்ணெய் தேடி ஓடினார்கள்.

கை கழுவியதும் நேரே வாசல் அறைக்குப் போனார். பச்சைப் பெட்டியைத் திறந்தார். சவரியம்மாள் விளக்கோடு நிலைப்படியில் நின்று பார்த்தாள். ஒரு சட்டையை எடுத்தார், கட்டிலில் வைத்து மடிப்பை நீவினார். அடுத்தது பனியன். அடுத்தது அவள் வாங்கி வைத்த கம்பளி. எல்லாவற்றையும் வரிசை வைத்து முடித்தபின் முதல் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பீரோவைப் போய் இழுத்தார். அது பூட்டியிருந்தது. பெட்டி கட்டிய அன்று அவள்தான் பூட்டினாள், சாவி அவள் இடுப்பில். அவர் பூட்டைத் தட்டிவிட்டு அவளைப் பார்த்து என்னவோ சொன்னார்.

சவரியம்மாள் ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்துவிட்டாள். அந்தோணிசாமி ஒவ்வொரு துணியாகப் பழைய தட்டில் பழைய இடத்தில் வைத்தார். காலிப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினார். கிட் செக்கிங்காம்! மனிதர் இத்தனை நாளும் போகமாட்டேன் என்று சத்தம் போட்டிருக்கிறார், இவர்கள் போஞ்சூர் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

அப்போது போன் அடித்தது. ராபர்ட்.

"ம்மா, அந்தம்மா எல்லாம் சொன்னாங்க. அப்பாகிட்ட குடும்மா. அவர்ட்ட பேசணும்."

"அவருக்குப் புரியாதுடா."

"தெரியும். குடும்மா."

அவள் ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தாள். ராஜமாணிக்கமும் உள்ளே வந்து நின்றான். மகனின் குரல் பிரெஞ்சில் வந்தது, தமிழில் வந்தது, இரண்டும் கலந்து வந்தது. "அப்பா, நான் ராபர்ட்டு. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. என்ன மன்னிச்சிருப்பா." அதற்கப்புறம் அழுகை.

அந்தோணிசாமி போனை உற்றுப் பார்த்தார். குரல் யாருடையதென்று தெரிந்துவிட்டது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தாடை இறுகியது. சவரியம்மாளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். மகனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய அன்றைய முகம். "மெத்தூர்! செ மெத்தூர் லெ வுத்ரோம்!" என்று கத்தினார். விரலை நீட்டி நீட்டி, எச்சில் தெறிக்கக் கத்தினார். சொல் எல்லாம் போன பிறகும் அந்தக் கோபத்தில் ஒரு பொட்டு குறையவில்லை. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார்.

"ம்மா" என்றான் ராபர்ட். "ஒரு வார்த்த கூட புரியலம்மா. ஆனா உனக்கு அவரு முகம் தெரியுமே. சொல்லும்மா, அப்பா என்ன சொல்றாரு? எம்மேல இன்னும் கோவமா?"

சவரியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். ராஜமாணிக்கம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோவமில்லடா" என்றாள். "சத்தம் போடுறாரே தவுர, கண்ணுல தண்ணி நிக்குது. உன்ன வந்து பாத்துட்டுப் போவச் சொல்றாரு. அவரு எங்கயும் வரலியாம். இங்கியே இருக்குறாராம்."

"நெசமாவாம்மா?"

"நெசந்தான். வா, வந்து பாரு." சொல்லும்போதே, வெள்ளிக்கிழமை அவன் வாசற்படியில் வந்து நிற்கும்போது இந்த முகத்தை எந்தத் துணியைப் போட்டு மூடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சிக்னல் போய்விட்டது. புயல் கரையைத் தொட்டிருக்க வேண்டும். ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா..." என்று இழுத்தான்.

"ஒண்ணும் பேசாத. போயி தார்ப்பாய இழுத்துக் கட்டு, கொட்டையெல்லாம் நனையுது."

அவன் போனான். அந்தோணிசாமி செத்துப்போன போனைக் கையில் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் மெல்லத் தளர்ந்தது. "பொனாலி" என்று போனை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி முந்தானையில் துடைத்து வைத்துவிட்டு, "ஆமாங்க" என்றாள்.